பிக்கப் கேட்ட நாக்கு

கங்காணி சுருளிராசுவின் பிக்கப் வண்டி முதன்முதலாகத் தன் நாக்கைக் கேட்டது ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பூதிக்கரட்டு மலைப்பாதையின் மூன்றாம் கொண்டை ஊசி வளைவில், ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகிற பதினாறு பெண்களும் அவர்களுடைய பதினாறு தூக்குவாளிகளும் பின்னால் இருக்க, எதிரே வந்த பால் வண்டிக்கு வழிவிடுவதற்காக டிரைவர் மூக்கன் பிரேக்கை மிதித்தபோது. "என் நாக்கு எங்கே?" என்று அது கேட்டது. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை; வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களின் குரல். மூக்கன் காலை எடுத்தான், குரல் நின்றது. மறுபடி மிதித்தான், மறுபடி கேட்டது. பெண்களில் மூத்தவளான ஒச்சம்மா பின்கண்ணாடியைத் தட்டினாள்.

"யாருப்பா அது, ரேடியோவா?"

"இல்லக்கா, வண்டி."

"வண்டியா? சரி சரி, வளைவு பாத்துப் போ."

மூன்று மாதத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், இதே வண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒன்பதாம் வளைவின் தடுப்புக் கல்லை உடைத்துக்கொண்டு உருண்டிருந்தது. அப்போது அதை ஓட்டிய வீரணனும், பின்னால் தூங்கிக்கொண்டு வந்த நான்கு பெண்களும் செத்துப்போனார்கள். ஐந்து பேரையும் ஒரே நாளில் எரித்துவிட்டு, வண்டியை மட்டும் கயிறு கட்டி மேலே இழுத்து, நெளிவெடுத்து, வெள்ளையாக இருந்ததற்கு நீலம் அடித்து, செத்தவர்கள் உட்கார்ந்த அதே பலகையில் உயிரோடிருந்தவர்களை உட்காரவைத்து மறுபடி மலைக்கு அனுப்பினார் சுருளிராசு. ஏலக்காய் யார் சாவுக்கும் காத்திருக்காது. ஆகவே அந்த வண்டி பேசியதில் ஊருக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் ஆச்சரியம் என்றார் டீக்கடைக்காரர்.

முதல் வாரம் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், இரண்டாம் வாரம் பதில் சொன்னார்கள், வண்டி ஒவ்வொரு வளைவிலும் "என் நாக்கு எங்கே?" என்று கேட்க, பதினாறு பேரும் ஒரே குரலாக "வருது தாயி, வருது" என்று சொல்ல, அந்த மலையில் பதினெட்டு வளைவு என்பதால் இறங்கும்போது பதினெட்டுக் கேள்வியும் பதினெட்டுப் பதிலும் ஆயிற்று, மூன்றாம் வாரம் அவர்கள் தூக்கத்திலேயே பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போவதற்காக, மூக்கன் வண்டியை முதல் வளைவு வரை ஏற்றி இறக்கிக் காட்டினான். காளியம்மன் கோயில் வாசலில் கண், கை, கால், தொட்டில் என்று வெள்ளித் தகட்டில் நேர்த்திக்கடன் உருவம் விற்கிற ஆசாரி, இதுவரை யாரும் கேட்டிராத நாக்கை வெட்ட ஆரம்பித்தார்; முதலில் வெட்டியது வெற்றிலை மாதிரி இருந்தது, ஊர் சிரித்தது; பிறகு நடுவில் ஒரு கோடு போடக் கற்றுக்கொண்டார். அந்த வெள்ளி நாக்குகளை வண்டியின் பின்கதவில் ஆணி வைத்து அடித்தார்கள். நாற்பத்து மூன்று நாக்கு கிலுகிலுவென்று ஆட, தேர் மாதிரி வண்டி மலையேறிப் போனது. அப்போதும் கேட்டது.

வண்டி எந்த நாக்கைக் கேட்கிறது என்று ஊரில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் பெயர் காசிமாயன். மலையடிவாரத்தில், செக்போஸ்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, இருபத்திரண்டு வருடமாக மலை ஏறி இறங்குகிற வண்டிகளுக்கு பிரேக் வேலை பார்த்துவந்தான். முன்சக்கரத்துக்குள் சுழல்கிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டைக்குப் பேடு என்று பெயர். அந்தப் பேடின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தகடு வளைந்து நிற்கும், அதைத்தான் அவன் நாக்கு என்பான். பேடு தேய்ந்து தேய்ந்து அரிசி கனத்துக்கு வரும்போது அந்த நாக்கு தட்டில் உரசிக் கீச்சென்று கத்தி, என்னை மாற்று, என்னை மாற்று என்று சொல்லும். அதற்கென்றே வைத்த நாக்கு. ஆனால் கத்துகிற வண்டியை யாருக்கும் பிடிக்காது. கத்தினால் மெக்கானிக்குக்கு வேலை தெரியவில்லை என்பார்கள். ஆகவே காசிமாயன் புதுப் பேடை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தவுடனே, கட்டிங் பிளேயரால் நாக்கைப் பிடித்து, இப்படி ஒரு திருகு, அப்படி ஒரு திருகு, டப்பென்று ஒடித்து, காலி கிரீஸ் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மாட்டுவான். காசிமாயன் கை பட்டால் வாய் திறக்காது என்று மலை முழுக்கப் பேர்.

வீரணனும் அதைக் கேட்டுத்தான் வந்தான். "அண்ணே, சாயங்காலம் இறங்கையில பொம்பளைக அசந்து தூங்குதுக. இது கீச்சுக் கீச்சுன்னு எழுப்பி விட்டுருது. கத்தாம மாட்டி விடுங்கண்ணே."

"மாட்டுறேன். ஆனா வருசம் திரும்புறதுக்குள்ள கொண்டாந்து காட்டிப்புடணும்."

"காட்டாம? ஒங்க மூஞ்சியப் பாக்காம எனக்கு எங்க பொழுது போகும்?"

சிரித்துவிட்டுப் போனவன் பதினான்கு மாதம் வரவில்லை. கங்காணி வண்டியை ஒரு நாளும் சும்மா நிறுத்தவில்லை. வண்டியும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதற்கு அதற்கு நாக்கு இல்லை. பெண்கள் நன்றாகத் தூங்கிக்கொண்டே வந்து, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

கவிழ்ந்த வண்டி நெளிவெடுத்துக் கொட்டகைக்கு வந்தபோது காசிமாயன் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். பேடு இல்லை, வெறும் இரும்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான், எழுந்து தண்ணீர் குடித்தான், புதுப் பேடை எடுத்தான், டப். ஒடித்தாயிற்று. மனசு போய்ச் சேருவதற்குள் கை முந்திக்கொண்டது. இருபத்திரண்டு வருடத்துக் கை. ஒடித்ததை ஒட்டவைக்க முடியாது, வேறு பேடு வாங்கி வர டவுனுக்குப் போகவேண்டும், கங்காணி வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அப்படியே மாட்டி அனுப்பினான். அந்த வண்டிதான் தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை வாயைத் திறந்தது.

ஐந்து சாவுக்கு ஊர் ஏற்கெனவே ஒரு காரணம் வைத்திருந்தது. அது வீரணனின் மனைவி சிலம்பாயி. வண்டி கவிழ்ந்த அன்று காய் பறிக்கப் போகாத அவள், விடிகாலையில் தெருக்குழாய் முன்னால் வாய் நிறையப் பற்பொடி நுரையோடு நின்றிருந்தாள்; வண்டியில் ஏறிக்கொண்டே வீரணன் "போயிட்டு வர்றேன்" என்றான்; "போயிட்டு வா" என்று சொல்ல வந்தவள் "போ" என்றதுமே நுரை வழிய, குனிந்து துப்பினாள்; துப்பிவிட்டு நிமிர்ந்தபோது வண்டி தெருமுனையைத் திரும்பிவிட்டது. மிச்சச் சொல் அவள் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. குழாயடியில் அடுத்த குடம் ஒச்சம்மாவுடையது. காய்ச்சலால் அன்று வேலைக்குப் போகாத ஒச்சம்மா, ஐந்து பிணமும் வந்து இறங்கியபோது மாரில் அடித்துக்கொண்டு, "போன்னாளே, வான்னு சொல்லலையே, என் காதால கேட்டேனே" என்று அழுதாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னாள். அன்றிலிருந்து சிலம்பாயிக்குக் கருநாக்கு என்று ஆயிற்று. அவள் தெருவில் வந்தால் பிள்ளைத்தாய்ச்சிகள் உள்ளே போனார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் சாமானைக் கட்டிக் கொடுத்தார். "வெயில் ஏறுதே" என்று அவள் சொன்ன வாரத்தில் செத்த ஆட்டுக்கு அவளைத்தான் கணக்குச் சொன்னார்கள். ஒருவன் மட்டும் தன் மாமியாரை அவள் எதிரே கூட்டிவந்து நிறுத்தி, "எங்க அத்த எப்படி இருக்காங்க, பாத்துச் சொல்லு" என்று கேட்டுப் பார்த்தான். மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு வருத்தம்.

மாசி மாதம் சடையாண்டிக் கோடாங்கியைக் கூட்டிவந்து குறி கேட்டார்கள். உடுக்கை அடித்து, தலையைச் சிலுப்பி, அவர் சொன்னார்: "ஒரு நாக்குத்தான்டா இந்த வண்டியக் கவுத்துச்சு. அந்த நாக்கத்தான்டா இது கேக்குது." குறியில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று கூட்டத்தில் நின்ற காசிமாயனுக்குத் தெரியும். ஆனால் யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாக் கழுத்தும் ஒரே பக்கம், சிலம்பாயி வீட்டுப் பக்கம் திரும்பின.

அறுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பங்குனித் திருவிழாவில், காளியம்மன் சந்நிதியில், சாண் நீள அலகை அவள் நாக்கில் குத்துவது, அலகை எடுத்தபின் நாற்பத்தெட்டு நாள் அவள் வாய் பேசாமல் இருப்பது, அவ்வளவுதான் முடிவு. "குத்தத்தானே சொல்றோம், அறுக்கவா சொல்றோம்?" என்று சுருளிராசு இரண்டு மூன்று பேரிடம் கேட்டார். அவர் குரலில் ஊரின் இரக்கத்தைப் பற்றிய பெருமை இருந்தது.

திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது சிலம்பாயி கொட்டகைக்கு வந்தாள்.

"அண்ணே."

"வாத்தா."

"நீங்க வண்டியோட பொழங்குறவரு. ஊரு சொல்றத விடுங்க. அது எந்த நாக்கக் கேக்குதுண்ணே?"

அவன் முதுகுக்குப் பின்னால், பலகைமேல், கிரீஸ் டப்பா இருந்தது. அவன் ஸ்பேனரைத் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான். "எனக்கென்னத்தா தெரியும். நான் இரும்பப் பாக்குறவன்."

"இரும்புதானண்ணே பேசுது."

அவன் அடுத்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான்.

"என் நாக்குத்தான்னா குத்திக்கிறேன். வலிக்குப் பயப்படல. அந்த நாலு பேரும் என்கூடக் காய் பறிச்சவளுக. எம் புருசனையும் அவளுகளையும் நான்தான் கொன்னேனா, இல்லையா, அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டாப் போதும். சோறு எறங்க மாட்டேங்குது."

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நான்கு வீட்டு ஆண்கள் அரிவாளோடு நிற்பதும் தெரிந்தது. "போத்தா. போயி ஆக வேண்டியதப் பாரு" என்றான். சொன்னபிறகுதான் "போ" என்று மட்டும் சொன்னது உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும், லேசாகச் சிரித்தாள்.

"நீங்களும் போன்னுட்டீங்க. பரவாயில்லண்ணே. ஒங்களுக்கு நல்ல நாக்கு, ஒண்ணும் ஆகாது."

திருவிழாவன்று காலையில் காசிமாயன் சுருளிராசுவிடம் முன்பேடைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வண்டியை வாங்கினான். ஊரிடம் எதையும் சொல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. கேட்டதைக் கொடுத்துவிட்டால் வண்டி வாயை மூடும், மூடிய வண்டியைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனால் அவளை விட்டுவிடுவார்கள். சக்கரத்து நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினான்; பேடுகளைத் தாங்குகிற காலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்து, காலிப்பரைத் தூக்கிக் கம்பியால் கட்டினான்; உள்ளே ஒடிந்த மூளியோடு இருந்த பேடுகளை உருவினான்; பிரேக் ஆயில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு பிஸ்டனை மெல்ல மெல்ல உள்ளே தள்ளினான்; புதுப் பேடை எடுத்தான். கை தானாகக் கட்டிங் பிளேயருக்குப் போனது. ஒருமுறை தடுத்தான், இரண்டாம் முறை போனபோது பிளேயரை எடுத்துத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முதலாக ஒரு பேடை நாக்கோடு மாட்டினான். அடுத்த சக்கரத்துக்கும் அப்படியே. பெடல் கல் மாதிரி கெட்டிப்படும்வரை மிதித்து மிதித்துவிட்டு, மலைக்கு ஓட்டினான்.

மூன்றாம் வளைவில் மிதித்தான். சத்தமில்லை. அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் ஒன்பதாம் வளைவைப் பார்த்துவிடலாம் என்று போனான், அங்கேயும் சத்தமில்லை, நன்றாக உறுதியாகட்டும் என்று பதினெட்டு வரைக்கும் போனான். பதினெட்டாம் வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்சக்கரத்தின் முன்னால் குந்தி, சிறுபிள்ளை மாதிரி அழுதான். கீழேயிருந்து மேளச் சத்தம் வந்தது.

அவன் கோயில் வாசலில் வந்து பிரேக் பிடித்தபோது அலகு ஏறியிருந்தது. வெளியே இழுத்த நாக்கில் குறுக்கே கம்பி நிற்க, தாடையில் ரத்தமும் மஞ்சளும் வழிய, சிலம்பாயி உட்கார்ந்திருந்தாள். தாடையைப் பிடித்த அவளுடைய கொழுந்தனுக்குக் கை ஆடியதால் அலகு நடுவில் இறங்காமல் கோணிக்கொண்டது என்றார்கள். எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். வண்டி ஒன்றும் கேட்கவில்லை. ஒச்சம்மா "ஆத்தா!" என்று கத்த, பெண்கள் குலவையிட்டார்கள். அலகு ஏறியதால்தான் வண்டி அடங்கியது என்பதற்குச் சாட்சியைத் தன் காலாலேயே மிதித்துக் கொண்டுவந்து கொடுத்தவன் காசிமாயன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

நாற்பத்தெட்டு நாள் கழித்துப் பேசியபோது சிலம்பாயிக்குச் சகரம் வரவில்லை. சோறு என்பதற்குத் தோறு என்றாள். அதைக் கேட்டு ஊர் சிரித்தது; சிரித்ததால் பயம் போயிற்று; பயம் போனதால் அவளை மறுபடி காய் பறிக்கக் கூப்பிட்டார்கள். அவள் யாரையும் போ என்றும் சொல்வதில்லை, வா என்றும் சொல்வதில்லை. பின்கதவில் வெள்ளி நாக்குகள் கறுத்தன. வண்டியின் குரலைக் கேட்காமல் ஊருக்கு என்னவோ குறைந்துபோன மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் காலியாக வந்தது.

மறுமாசியில் பேடு தேய்ந்து, அரிசி கனத்துக்கு வந்து, காசிமாயன் விட்டுவைத்த நாக்கு தட்டில் பட்டது. கீச் என்றது. வெறும் கீச், எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் பதினாறு பெண்களும் விழித்துக்கொண்டார்கள். "கேட்டியாடி? நாக்குங்குது." "எங்கேங்குது." இறங்குவதற்குள் பதினாறு பேரும் முழு வாக்கியத்தையும் கேட்டிருந்தார்கள், பதினேழாவதாகப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிலம்பாயியைத் தவிர. "வருது தாயி, வருது" என்றார்கள். ஆசாரி தகடு வாங்க டவுனுக்குப் போனார். சிலம்பாயிக்கு மறுபடி அலகு என்று அன்றைக்கே முடிவாயிற்று.

இந்த முறை காசிமாயன் பொறுக்கவில்லை. திருவிழாவன்று, மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கிரீஸ் டப்பாவைச் சந்நிதியில் கவிழ்த்தான். ஆயிரத்துக்கு மேல் இருக்கும், மீன் செதில் மாதிரி குவிந்தன.

"அவ நாக்கு இல்ல சாமி. இந்த நாக்கு. நான் ஒடிச்ச நாக்கு. அது இருந்திருந்தா வீரணனுக்குத் தெரிஞ்சிருக்கும். அஞ்சு பேரையும் நான்தான் கொன்னேன். இப்பக் கத்துறது ஒண்ணுமில்ல, பேடு தேஞ்சுபோச்சு, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் குடுங்க, மாத்திடுறேன், நின்னுரும்."

மேளம் நின்றது. அரிவாள் எதுவும் வரவில்லை. செத்த பெண்களின் வீட்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அழுதது ஒச்சம்மாதான். "பாத்தியாடி, ஒரு பொம்பளைக்காக அஞ்சு உசுருப் பழியத் தன் தலையில போட்டுக்கிறான். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசன்."

"காசி, ஒன்னைய எனக்குத் தெரியாதா?" என்று சுருளிராசு அவன் தோளில் கைபோட்டார். "ஒன் கை பட்ட வண்டி ஒண்ணாச்சும் கத்தியிருக்கா?"

"அதத்தான் சொல்றேன் கங்காணி. கத்தணும். கத்துனாத்தான் —"

"சரி, சரி. ஒக்காரு. தண்ணி குடி."

"மொதல்ல பேட மாத்த விடுங்க."

கோடாங்கி சிரித்தார். "நீ மாத்திப்புட்டு அது நின்னுச்சுன்னா, நிப்பாட்டுனது நீயா ஆத்தாவான்னு யாருப்பா சொல்றது? மொதல்ல அலகு. அப்புறம் நீ ஸ்பேனர எடு."

தாடையைப் பிடிக்கிறவன் மனசு சுத்தமானவனாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கோயில் முறை. போன வருடம் கொழுந்தன் பிடித்துத்தான் கோணிப்போயிற்று. யாரோ "காசிமாயன் பிடிக்கட்டுமே" என்றார்கள். கூட்டம் முழுக்க "ஆமா, ஆமா" என்றது. அவன் கையை மஞ்சள் தண்ணீரில் கழுவினார்கள், நகக்கண்ணில் இருந்த கிரீஸ் மட்டும் போகவில்லை. அவன் மறுத்திருக்கலாம். மறுத்தால் மறுபடி கொழுந்தன். மறுபடி ஆடுகிற கை. அந்த ஊரில் ஆடாத கை அவனுடையது ஒன்றுதான்.

சிலம்பாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை நம்பியவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான். போன வருடம் கேட்ட கேள்விக்குப் பதில் அவளுக்கு மட்டும் கிடைத்துவிட்டது.

"கெட்டியாப் புடிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

அவன் பிடித்தான். கை ஆடவில்லை. அலகு நடு நாக்கில் நேராக இறங்கியது. அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. காசிமாயன் கை பட்டால் வாய் திறக்காது.

அன்று சாயங்காலம் கொட்டகையில் முன்சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுப் பேடை ஒரு கையிலும் கட்டிங் பிளேயரை மறுகையிலும் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். நாக்கை விட்டுவைத்தால் அடுத்த மாசியில் கத்தும். கத்தினால் பங்குனியில் அலகு. விட்டுவைக்காவிட்டால் கத்தாது. மூக்கன் வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"மூக்கா, மாசத்துக்கு ஒருக்கா கொண்டாந்து காட்டிப்புடணும். கேட்டியா? மாசத்துக்கு ஒருக்கா."

"காட்டாம?" என்று மூக்கன் சிரித்தான்.

டப்.

மறுநாள் சாயங்காலம் வண்டி பதினெட்டு வளைவையும் வாயைத் திறக்காமல் இறங்கியது. பெண்கள் நன்றாகத் தூங்கினார்கள்.